பூட்ஸோடு படுத்தவர்

செத்தவர் பூட்ஸ் காலோடு கட்டிலில் கிடந்தார் என்பதுதான் ராக்னாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னை உறுத்தியது குளிர். மைனஸ் முப்பத்தாறு. மூக்குக்குள் இருக்கும் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக உறைந்து குத்தியது. கனடாவில், வின்னிபெக்கின் வடக்குக் கோடியில், பானாஸ் கோஸப் வீட்டு வாசலில் நின்று, ‘ஏன்டா, ஒருத்தனும் ஜூலை மாசத்தில் கொலையாக மாட்டீர்களா?’ என்று உள்ளுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"டூகல், வாயைத் திறந்துக்கிட்டு யோசிக்காதே. பல்லு விரிசல் விட்டுடும்."

ராக்னா என் முதலாளி, தனியார் துப்பறிவாளர். நல்ல உயரம், அதைவிட நீளமான நாக்கு. ஐஸ்லாந்துக்காரர் வம்சம் என்பதால் கோட் பையில் எந்நேரமும் கருவாடு இருக்கும். கேஸ் சிக்கலானால் மெல்ல ஆரம்பிப்பாள். நான் முன்பு ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். எவன் அடித்தாலும் ரப்பர் வட்டை மரியாதையாக உள்ளே அனுப்பிவைத்த பெருமை எனக்கு உண்டு. இப்போது அவளுக்குக் கார் ஓட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன்.

கேஸ் இதுதான். பானாஸுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை. கூட இருந்தது புர்யாக் என்ற செம்பட்டை நாய் ஒன்றுதான். போன வாரம் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் செத்துக் கிடந்தார்கள். நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸின் புகைக்குழாய் கவ்வி தளர்ந்து விலகியிருந்தது. வெளியே போகவேண்டிய விஷவாயு, வாசனையும் இல்லாமல் நிறமும் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே பரவிவிட்டது. விஷவாயு வந்தால் கத்தும் அலாரமும் இல்லை.

பழி முழுக்க ஃபர்னஸ் மாட்டிய மிரெய் தலையில் விழுந்தது. முப்பது வயசுப் பெண். சார்ஜென்ட் வீபின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அழக்கூடத் தெம்பில்லாத முகம். எங்களை அமர்த்தியது அவள்தான்.

"அரை மணி நேரம் தர்றேன் ராக்னா," என்றார் வீப். "அதுக்கு மேல போனா மேலிடத்துல என் தோலை உரிச்சுடுவாங்க. அப்புறம் பொண்ணு ஜெயிலுக்கு. ஆள் சாகக் காரணமா இருந்ததா கேஸ்."

"ஃபர்னஸ் மாட்டுற லைசென்ஸ்?"

"அது நேத்தே போச்சு."

வீப் சீலை உடைத்துக் கதவைத் திறந்ததும், எங்கள் பின்னாலேயே கறுப்புக் கோட்டில் ஒரு பெண் உள்ளே வந்தாள். பானாஸின் ஒரே மகள் டார்க்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிறு தவறாமல் சர்ச், திங்கள் தவறாமல் அப்பாவுக்கு முட்டைக்கோஸ் உருண்டை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘மகள்னா டார்க்கா மாதிரி இருக்கணும்’ என்று சொல்லிச் சொல்லித் தங்கள் பிள்ளைகளைச் சாகடிப்பார்களாம்.

"நாளைக்கு அடக்கம். அப்பாவோட கோட்டு-சூட்டை எடுக்கணும்," என்றாள் வீபிடம். "ஒரு வாரமா என் சொந்த வீட்டுக்குள்ளயே என்னை விடலை நீங்க. கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டு வந்துடறேன்."

"எல்லாரும் இருக்கட்டும்மா. இன்னிக்குத்தான் சீல் உடைச்சிருக்கோம்."

அப்போதுதான் மிரெய் உள்ளே வந்தாள். டார்க்கா அவளை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள்.

"வந்துட்டியா? பூட்ஸைக் கழட்டுடி. நீ கொன்ன வீடா இருந்தாலும் தரை எங்கம்மா துடைச்ச தரை."

மிரெய் குனிந்து கழற்றினாள். நாங்களும் கழற்றினோம். இந்த ஊரில் பனிக்காலத்தில் பூட்ஸோடு உள்ளே காலடி வைத்தால் பெற்ற தாயே துடைப்பத்தை எடுப்பாள். என் காலுறை ஓட்டையிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்து, குளிர் தாங்காமல் மடங்கிக்கொண்டது. வீட்டில் ஒரு மின்சார ஹீட்டர் மட்டும் ஒப்புக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ராக்னா போலீஸ் எடுத்த போட்டோவை வீப் முன்னால் நீட்டினாள். பானாஸ் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கோட், கம்பளித் தொப்பி, காலில் பூட்ஸ். மணிக்கட்டில் நாயின் கயிறு சுற்றியிருந்தது.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஃபர்னஸ் சரியா ஓடலை. குளிர் தாங்காம எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுப் படுத்துட்டாரு."

"கோட்டு சரி. தொப்பியும் சரி. அறுபது வருஷமா இந்த வாசப்படியில பூட்ஸைக் கழட்டின மனுஷன், மெத்தை மேல பூட்ஸோட ஏறுவாரா? குளிருக்கு நாய்க்கயிறு வேற கட்டிக்கணுமா?"

"எங்கப்பா நிதானத்துல இல்லீங்க," என்றாள் டார்க்கா, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு. "வீட்டைப் பாருங்க, தெரியும்."

பார்த்தோம். அறைக்கு அறை தரையில் சூட்டுக்காற்று வரும் துவாரங்கள். அவற்றை மூடியிருந்த இரும்புச் சல்லடைகள் எல்லாவற்றையும் கிழவர் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். ஒன்றிரண்டில் நகம் பெயர்ந்து ரத்தக்கறை.

"புதையல் தேடினாரோ?" என்றேன்.

"பைத்தியம் பிடிச்சவங்க எதைத்தான் தேட மாட்டாங்க?" டார்க்கா மூக்கை உறிஞ்சினாள். "எழுபத்தெட்டு வயசுல புது ஃபர்னஸ் போடுறதே கிறுக்குத்தனம். வீட்டை வித்துட்டு முதியோர் இல்லத்துக்குப் போங்கப்பான்னு எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே? எவளோ வந்து பல்லைக் காட்டினா, ஏமாந்துட்டாரு."

"அவரு நல்லாத்தான் இருந்தாரு," என்றாள் மிரெய். குரலே எழும்பவில்லை. "அலாரத்தை ஹால்ல மாட்டி, அமுக்கிக் காட்டினேன். நாய் ஊளையிட்டுச்சு. ‘என் காது மந்தம், இவன் காதுதான் என் காது’ன்னு சிரிச்சாரு. ‘இது கத்தினா எதையும் தேடிக்கிட்டு நிக்காதீங்க, நாயைப் பிடிச்சுக்கிட்டு வெளியே போயிடுங்க’ன்னேன். அவர் வாயால திருப்பிச் சொல்லவும் வச்சேன்."

"எங்கடி அலாரம்?" டார்க்கா ஹால் சுவரைக் காட்டினாள். இரண்டு திருகாணி ஓட்டைதான் இருந்தது. "ஓட்டை கத்துமா? சொல்லு, ஓட்டை கத்துமாடி? எங்கப்பன் செத்தான், அந்த வாயில்லா ஜீவனும் செத்துச்சு. நீ உள்ள போய்க் கம்பி எண்ணு."

மிரெய் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ராக்னா டார்க்காவைப் பார்க்கவே இல்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சரக்கறைக் கதவின் முன் குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கீறல் நாய் போட்டதா?"

கதவின் அடிப்பகுதி முழுக்கப் புதுக் கீறல். மரச்சிராய் இன்னும் தரையில் கிடந்தது.

"ஆமா, உள்ள பூண்டு சாசேஜ் தொங்குது," என்றாள் டார்க்கா. "எப்பவும் சுரண்டும் சனியன்."

ராக்னா கருவாட்டை வெளியே எடுத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"சார்ஜென்ட், இந்தம்மாவோட மாடிக்குப் போய் சூட்டை எடுக்க உதவி பண்ணுங்க. மிரெய், வா கீழே. டூகல், நீயும்."

நிலவறையில் புது ஃபர்னஸ் அணைந்து நின்றது. தகரக் காற்றுக் குழாய்கள் கூரையடியில் நாலாபக்கமும் போயின. ஒவ்வொரு இணைப்பிலும் சாம்பல் நிறப் பசை ஒரு விரல்கூடத் தப்பாமல் பூசப்பட்டிருந்தது.

"இவ்வளவு பூசினவ கவ்வியை முறுக்க மறந்தியா?"

"மறக்கலை மேடம். சத்தியமா மறக்கலை."

"முன்னாடி இங்க என்ன இருந்தது?"

"பழைய ஆக்டோபஸ்." அந்தக் காலத்துப் பெரிய ஃபர்னஸை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். நடுவில் பானை வயிறு, சுற்றி எட்டுக் கை. "சரக்கறைச் சுவர்ல ஒரு துவாரம் இருந்துச்சு. அதோட குழாய் மட்டும் எதுலயும் சேரலை. நேரா சுவருக்குள்ள போய் முடிஞ்சுடும். இந்த வீட்டுப் பிள்ளைங்க அதுல எதைப் போட்டாலும் திரும்ப வராதாம். பெரியவர் சொன்னாரு, டார்க்கா பிடிக்காத பீட்ரூட்டை எல்லாம் அதுலதான் போடுவாளாம்."

"இப்போ?"

"ஃபர்னஸுக்குத் திரும்பி வர்ற காத்துக்கு வழி பத்தலை. அதனால அதையும் பெரிய குழாயோட சேர்த்துட்டேன். மேல மூடி அதே பழைய மூடிதான். பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அப்புறம் அவருக்கு."

ராக்னா மெல்லுவதை நிறுத்தினாள். "டூகல், சமையலறையில போய் நில்லு. நான் கூப்பிட்டா வா."

போனேன். நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் காலடியில் இருந்த துவாரத்திலிருந்து ராக்னாவின் குரல் ரகசியமாக வந்தது.

"இந்த டூகல் இருக்கானே, இவனைப் போல ஒரு தண்டச்சோத்தை மானிடோபா மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

ஹாலில் இருந்த துவாரமும் அதையே சொன்னது. சரக்கறைக்குள்ளிருந்தும் அதேதான் கேட்டது. வீடே என்னைத் தண்டச்சோறு என்றது.

குனிந்து துவாரத்துக்குள் சொன்னேன். "கேட்டுச்சு மேடம். சம்பளத்துக்கு ஏத்த சோறு."

"ரொம்ப சந்தோஷம். கார்ல ஒரு பொட்டலம் இருக்கு. சத்தம் காட்டாம எடுத்துட்டு வா."

காலையில் ஹார்டுவேர் கடையில் அவள் வாங்கிய பொட்டலம். தனக்கு ஏரிக்கரை வீட்டுக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். கொண்டுபோய் நிலவறையில் கொடுத்தேன். மிரெய் காதில் அவள் ஏதோ சொன்னாள். மிரெய் முகம் வெளிறியது. பிறகு தலையாட்டினாள்.

டார்க்கா சூட்டோடு இறங்கி வந்தபோது நாங்கள் சமையலறையில் இருந்தோம்.

"அந்தப் பொண்ணு எங்கே?" என்றார் வீப் பதறி. "ஓடிடப் போறா!"

"மைனஸ் முப்பத்தாறுல காலுறையோட எங்க ஓடுவா? கீழே இருக்கா. உட்காருங்க டார்க்கா. ஒரே ஒரு சந்தேகம். அப்பா சாகறதுக்கு முன்னாடி நீங்க இங்க வந்தீங்களா?"

"சாயங்காலம் வந்தேன். சாப்பாடு வச்சுட்டு, அவரு கூட டீ குடிச்சுட்டுப் போனேன்."

"ராத்திரி உங்களுக்குப் போன் பண்ணினாரு. அவரு போன்லயே பதிவாகியிருக்கு."

"தூங்கிட்டேன். எடுக்கலை. அந்த வேதனைதான் என்னைத் தின்னுது."

"பாவம்," என்றாள் ராக்னா. காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள்.

வீடு கத்தியது.

கத்தியது என்றால், நான்கு பக்கமும். ஹாலில், படுக்கையறையில், என் காலுக்கடியில், சுவருக்குள்ளே. காதைக் கிழிக்கும் அலாரச் சத்தம், நிறுத்தி நிறுத்தி. வீப் துள்ளி எழுந்து ஹால் துவாரத்தில் மண்டியிட்டார். "இங்கேருந்துதான்! இல்லை, அங்கேருந்து!" நான் படுக்கையறைக்கு ஓடினேன். அங்கே போனால் சத்தம் சமையலறையில் இருந்தது. திரும்பி வந்தால் ஹாலில் இருந்தது.

டார்க்கா எங்கேயும் தேடவில்லை.

எழுந்தாள். சூட் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. நேராகச் சரக்கறைக் கதவைத் திறந்தாள். மாவு டிரம்மைத் தோளால் இடித்துத் தள்ளினாள். பின்னால் சுவரில் இருந்த பழைய இரும்பு மூடியைப் பெயர்த்து, முழங்கை வரை உள்ளே விட்டு, புதுக் குழாய் வளைவில் சிக்கியிருந்த எதையோ இழுத்தாள். குழந்தை போடும் சிவப்புக் கம்பளிக் கையுறை. அதற்குள் திணித்த, வெள்ளை வட்டமான அலாரம்.

"நிறுத்து! நிறுத்து சனியனே!" அதைத் தரையில் அடித்தாள். உருவி எடுத்துப் பொத்தானைத் தேடி அமுக்கினாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி அடித்தாள்.

ராக்னா கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். அவசரமே படவில்லை. அந்தப் பெண் அந்த வட்டத்தை மூன்றாவது தடவை தரையில் மோதும் வரை விட்டுவைத்தாள்.

"அது கத்தலை டார்க்கா. காதுல வச்சுப் பாரு."

‘வாங்க போங்க’ எல்லாம் போய்விட்டது.

டார்க்கா அதைக் காதில் வைத்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது.

"கத்துறது நான் காலையில வாங்கினது. நிலவறையில மிரெய் கையில இருக்கு. உன் கையில இருக்கறது ஒரு வாரம் முன்னாடியே கத்திக் கத்திப் பேட்டரி தீர்ந்து ஓய்ஞ்சுடுச்சு." ராக்னா துவாரத்தில் குனிந்தாள். "போதும் மிரெய்."

சத்தம் நின்றது.

"கவ்வியைத் தளர்த்தினே. அலாரத்தைக் கழட்டினே. அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம ஏன் இங்க போட்டே?"

டார்க்கா உதட்டைக் கடித்தாள். சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் சில பேருக்குப் பிடிபட்டதைவிடத் தோற்றதுதான் பொறுக்காது.

"கையில எடுத்தேன், அவரு வண்டி உள்ள வந்துடுச்சு. என் கோட் வாசல்ல மாட்டியிருந்துச்சு. சட்டையில பை இல்லை. கையில கிடைச்ச பழைய கையுறைக்குள்ள திணிச்சு இந்த ஓட்டையில போட்டேன். இதுல போட்டா பூமிக்குள்ள போன மாதிரி. சின்ன வயசுலேருந்து போட்டிருக்கேன், ஒண்ணுகூடத் திரும்ப வந்ததில்லை. சத்தம் வரும்னு நான் கண்டேனா?"

"அப்புறம் எடுக்கலாம்னு பார்த்தா போலீஸ் சீல் வச்சுட்டாங்க," என்றேன். "அதான் இன்னிக்குத் தனியா இருக்கணும்னு துடிச்சீங்களா?"

"உங்கப்பனுக்குப் பைத்தியம் இல்லை," என்றாள் ராக்னா. "வீடு முழுக்கச் சத்தம். எங்கேன்னு தெரியலை. ஒவ்வொரு மூடியா நகம் பெயர்த்துத் தேடியிருக்காரு. நாய் கண்டுபிடிச்சுடுச்சு. இந்தக் கதவைச் சுரண்டிச்சு. சாசேஜுக்கு அழுதுன்னு அவரு நினைச்சுட்டாரு."

வீப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா?" என்றார் கடைசியில். "பெத்த அப்பன்."

"பெத்த அப்பனா?" டார்க்கா சிரித்தாள். "எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ பீ மூத்திரம் அள்ளினது நான். இவரு சீட்டாடப் போயிட்டாரு. முடிஞ்சதும் வீடு உனக்குத்தாம்மான்னாரு. சரி, இன்னும் எத்தனை நாள்னு நானும் பொறுத்துக்கிட்டு இருக்கேன். மனுஷன் என்ன வாங்கிட்டு வந்தாரு தெரியுமா? இருபது வருஷ கேரண்டியோட ஃபர்னஸ்! என்கிட்டயே காட்டி, ‘பாத்தியாம்மா, இருபது வருஷம்’னு பல்லை இளிக்கிறாரு!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்குக்கூட.

"இன்னும் பூட்ஸ் கணக்கு பாக்கி இருக்கு," என்றாள் ராக்னா. "மிரெய் சொல்லிக்கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு. தேடறதை விட்டாரு. கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டாரு. நாய்க்குக் கயிறும் கட்டியாச்சு. வாசப்படி தாண்டினா பொழைச்சாரு. அந்த மனுஷனைத் திரும்பக் கட்டிலுக்கு அனுப்பினது யாரு?"

டார்க்கா கீழே கிடந்த சூட்டைப் பார்த்தாள்.

"எடுக்காத போன்ல எவ்வளவு நேரம் பேச்சு ஓடுச்சுன்னு பார்த்தா தெரிஞ்சுடும் சார்ஜென்ட். நீங்கதான் பார்க்கலை."

வீப் முகம் சிவந்தது.

"பார்க்க வேண்டாம்," என்றாள் டார்க்கா. பேச்சு தணிந்துவிட்டது. கீழே கிடந்த சூட்டை எடுத்து மடித்தாள். மறுபடி உதறி மடித்தாள். "‘டார்க்கா, வீடு கத்துதும்மா, எங்கேன்னு தெரியலை, நான் புர்யாக்கைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்’னாரு. புது ஃபர்னஸ்னா அப்படித்தான் சத்தம் போடும், படுங்கன்னேன். கேக்கலை. அந்தப் பொண்ணு வெளிய போகச் சொல்லியிருக்கான்னாரு. இந்தக் குளிர்ல ரெண்டு தெரு நடந்தா நாய் செத்துப்போயிடும்ப்பான்னேன்."

"அதுக்கு?"

"நாயைச் சொன்னதும் யோசிச்சாரு."

"அப்புறம்?"

"‘நீ சொன்னா சரிம்மா’ன்னாரு. ‘ஆனா பூட்ஸைக் கழட்டலை, நீ வந்து கூப்பிட்டா உடனே கிளம்பிடறேன்’னாரு."

அப்போதுதான் துவாரங்களிலிருந்து அழுகை வந்தது. நிலவறையில் மிரெய் அத்தனையையும் கேட்டிருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் போலிருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் அது நடக்கிற காரியமா? ஹாலிலும் படுக்கையறையிலும் சரக்கறைச் சுவரிலும் அவள் விசும்பல் கேட்டது.

டார்க்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ராக்னா போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மெதுவாக, காதிலிருந்து கீழே இறக்கினாள்.

"கேளு," என்றாள். "அவரு வெளிய போகணும்னு நினைச்சவ அவ ஒருத்திதான்."